கோதுமை ஒவ்வாத மாணவரின் தட்டு: விலக்கியதை எதைக்கொண்டு நிரப்புவது?

மணலிக்கும் திருவொற்றியூருக்கும் இடைப்பட்ட பகுதியில் பணிபுரியும் ஆசிரியை நான். சில ஆண்டுகளுக்கு முன் என் நான்காம் வகுப்பில் ஒன்பது வயது மாணவி ஒருத்தி இருந்தாள். அவளுடைய அப்பா வட மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்து, பல ஆண்டுகளாக இங்கேயே குடியிருப்பவர். வகுப்பில் தமிழை மற்றவர்களைப் போலவே சரளமாகப் பேசுவாள். ஆனால் காலை உணவு வேளையில் சில நாட்கள் தட்டைத் தொடாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். "ஏம்மா சாப்பிடலை?" என்றால், "பசிக்கல மிஸ்" என்பாள். உணவை வீணாக்கக் கூடாது என்று நானே இரண்டு முறை கடிந்துகொண்டு, அருகில் அமர்ந்து ரவை உப்புமாவைச் சாப்பிட வைத்திருக்கிறேன். அடுத்த நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அப்போது அதை நான் இணைத்துப் பார்க்கவில்லை.

ஜூலை இறுதியில் அவள் அம்மா, மருத்துவச் சீட்டுகள் நிறைந்த ஒரு பையுடன் பள்ளிக்கு வந்தார். மகளே மொழிபெயர்த்தாள். "கோதுமை சாப்பிட்டா என் குடல் கெட்டுப்போயிடுமாம் மிஸ். இனிமே வாழ்நாள் முழுக்கச் சாப்பிடக் கூடாதாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க." சீட்டில் 'சீலியாக் நோய்' என்று எழுதியிருந்தது.

அன்று முதல் அவள் கோதுமையைத் தொடவில்லை. வயிற்றுப்போக்கு நின்றது. எல்லோரும் நிம்மதி அடைந்தோம். ஆனால் அக்டோபரில் மாணவர்களின் எடையைப் பதிந்தபோது, ஜூனில் 20.1 கிலோ இருந்தவள் 20.3 கிலோதான் இருந்தாள். நோய்க்குக் காரணமான உணவை நிறுத்திய பிறகும் குழந்தை ஏன் தேறவில்லை? விடை எளிமையானது. எதைச் சாப்பிடக் கூடாது என்று எல்லோரும் அவளுக்குச் சொன்னோம். அதற்குப் பதிலாக எதை, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்படி ஒரு மாணவர் உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும் என்பதால், அந்த விடையைத் தேடியபோது நான் கற்றவற்றை இங்கே பகிர்கிறேன்.

குளூட்டன் என்ன செய்கிறது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள ஒருவகைப் புரதமே குளூட்டன். பரோட்டா மாவு கிழியாமல் இழுபடுவதற்கும், ரொட்டி உப்பி மென்மையாவதற்கும் அதுவே காரணம். பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களின் உடலிலோ நோய் எதிர்ப்பு மண்டலம் குளூட்டனைக் கண்டதும் சிறுகுடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. உணவை உறிஞ்சும் பரப்பு சுருங்குவதால், சாப்பிட்டதன் சத்துகள் சரியாக உடலில் சேர்வதில்லை.

வயிற்றுப்போக்கு, வயிறு உப்புதல், வயதுக்கேற்ற உயரமும் எடையும் இல்லாமை, சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். சிலரிடம் வயிற்றுத் தொல்லையே இருக்காது. இரத்தசோகை மட்டுமே தெரியும். பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும், குடற்புழு நீக்க மாத்திரை எடுத்தும், இரத்தசோகை தீராத குழந்தையை மருத்துவரிடம் அனுப்பிவைப்பது நல்லது.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை வெளிக்கொண்டு வந்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கடும் உணவுப் பஞ்சம் ஏற்பட்டது. ரொட்டி கிடைக்காமல் ஊரே வாடியபோது, சீலியாக் நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மீண்டும் நோயுற்றார்கள். ஏற்கெனவே கோதுமை மீது ஐயம் கொண்டிருந்த டிக்கே, தம் ஆய்வுகளை 1950-ஆம் ஆண்டு ஆய்வேடாக அளித்தார். இன்றும் இந்நோய்க்கு முதன்மையான மருத்துவம் உணவுக் கட்டுப்பாடே.

நம் பகுதியில் இது எப்படி?

'இது வடநாட்டு நோய்' என்று சொல்வதுண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பஞ்சாபின் லூதியானாவில் பள்ளி மாணவர்களிடையே நடந்து, 2006-இல் வெளியான ஆய்வில் சுமார் 310 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. வேலூர், ஃபரிதாபாத், குவாஹாட்டி ஆகிய மூன்று ஊர்ப் பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. வடக்கே ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. வேலூர்ப் பகுதியில் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்தது.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு வகை மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இருந்தது. பெரிய வேறுபாடு கோதுமை உண்ணும் அளவில்தான். வடக்கே நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம். அரிசிச் சோறு நம்மை இதுவரை ஓரளவு காத்து வந்திருக்கலாம். இன்று பரோட்டா, நூடுல்ஸ், பிஸ்கட், பன் என்று நம் பிள்ளைகளின் தட்டிலும் கோதுமை கூடிக்கொண்டே போகிறது.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர்த் தொழிற்சாலைப் பகுதிகளில் பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இரவு உணவே சப்பாத்திதான். அந்த வீட்டில் ஒரு குழந்தைக்குக் கோதுமையை நிறுத்தச் சொன்னால், அது அந்தக் குடும்பத்துக்குச் சோற்றையே நிறுத்தச் சொன்னது போல. அரிசி சமைத்துப் பழகாத தாய்க்கு 'இட்லி கொடுங்கள்' என்ற ஒரு வரி அறிவுரை போதாது.

கணக்கில் வந்த குறை

அக்டோபரில் அந்த மாணவியிடம், முந்தின நாள் காலையிலிருந்து இரவு வரை வாயில் போட்டது எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். அவள் சொன்னதை நோட்டில் குறித்துக்கொண்டு கணக்கிட்டேன். இங்கே கலோரி என்று குறிப்பிடுவது கிலோ கலோரியை.

காலையில் பால் கலந்த தேநீர், சுமார் 60 கலோரி. பள்ளிக் காலை உணவு அன்று ரவை கிச்சடி, சாப்பிடவில்லை. மதிய உணவு, சுமார் 450. மாலையில் ஒரு வாழைப்பழம், சுமார் 90. இரவில் 100 கிராம் அரிசிச் சோறு, கொஞ்சம் பருப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய். எல்லாம் சேர்த்து 460. மொத்தம் 1,060 கலோரி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 1,700 கலோரியும் 23 கிராம் புரதமும் தேவை. 10 முதல் 12 வயதில் பெண்ணுக்கு 2,060, ஆணுக்கு 2,220 கலோரி. ஆக, இவளுக்கு ஒரு நாளில் 640 கலோரி குறைந்திருந்தது. அதுவும் குடல் ஆறி, இழந்த வளர்ச்சியை மீட்க வேண்டிய நேரத்தில்.

குறை எங்கிருந்து வந்தது? முன்பு சாப்பிட்ட இரவுச் சப்பாத்தி, மாலை பிஸ்கட், காலைப் பொறை, பள்ளி உப்புமா எல்லாம் ஒரே நாளில் நின்றன. அவற்றின் இடத்தில் எதுவும் வரவில்லை. சோறும் பருப்பும் பாதுகாப்பானவை என்பதால் வீட்டில் அதையே கொடுத்தார்கள். புதிதாக எதையும் கொடுக்க அம்மாவுக்குப் பயம். எதையும் கேட்க மகளுக்குப் பயம். வயிறு வலிக்குமோ, பள்ளியில் கழிவறைக்கு ஓட வேண்டி வருமோ என்று அளவையும் அவளே குறைத்துக்கொண்டாள்.

இருப்பதைக் கொண்டே நிரப்புவது

'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட பிஸ்கட்டும் ரொட்டியும் கடைகளில் கிடைக்கின்றன. விலை அதிகம்; பலவற்றில் மாவுச்சத்தும் சர்க்கரையுமே மிகுதி. தமிழ்நாட்டுச் சமையலறைக்கு அவை தேவையே இல்லை. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, வரகு, சாமை, பருப்பு வகைகள், கிழங்குகள், முட்டை, மீன், பால், நிலக்கடலை, எள், தேங்காய், பழங்கள் ஆகிய எதிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை. நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். தொடக்கம் இங்கிருந்தே.

நாங்கள் அவளுடைய நாளில் சேர்த்தவை ஐந்து:

1. காலையில் 30 கிராம் கேழ்வரகு மாவு, 100 மில்லி பால், 15 கிராம் வெல்லம் சேர்த்த கஞ்சி: சுமார் 220 கலோரி.
2. பள்ளிப் பையில் இரண்டு கடலை உருண்டை, அதாவது 25 கிராம் நிலக்கடலையும் 10 கிராம் வெல்லமும்: சுமார் 170 கலோரி.
3. மாலையில் 30 கிராம் கொண்டைக்கடலையும் சிறிது தேங்காயும் சேர்த்த சுண்டல்: சுமார் 140 கலோரி.
4. இரவில் ஒரு முட்டை: சுமார் 70 கலோரி.
5. இரவுச் சோற்றில் கூடுதலாக ஒரு தேக்கரண்டி எண்ணெய்: 45 கலோரி.

மொத்தம் 645 கலோரி. பழைய 1,060-உடன் சேர்த்தால் 1,705. இந்த ஐந்தில் மட்டுமே 20 கிராமுக்கு மேல் புரதமும் கிடைக்கிறது.

வயிறு சிறியதாக இருக்கும் குழந்தைக்குச் சோற்றின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது பலன் தராது. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி என்றால், அதே எடை நிலக்கடலையில் 500-க்கு மேல். ஒரு கைப்பிடிக்குள் அதிக ஆற்றலும் புரதமும் அடங்கியிருக்கும் நிலக்கடலை, எள், தேங்காய், முட்டை, எண்ணெய் போன்றவற்றை ஒவ்வொரு வேளையிலும் சிறிதளவு சேர்ப்பதே எளிய வழி. எள்ளுருண்டை, பொட்டுக்கடலை உருண்டை, அவல் பாயசம், வள்ளிக்கிழங்கு, தேங்காய்ப்பால் விட்ட இடியாப்பம், வெல்லப் புட்டு என்று மாற்றிக் கொடுக்கலாம். மூன்று வேளைக்குப் பதில் ஐந்து வேளையாகப் பிரிப்பதும் உதவும்.

கலோரியோடு வேறு சிலவற்றையும் கவனிக்க வேண்டும். இந்நோயில் இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம் ஆகியவை குறைந்திருப்பது வழக்கம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. கம்பில் இரும்புச்சத்து அதிகம். முருங்கைக்கீரை, பச்சைப்பயறு இரண்டும் ஃபோலிக் அமிலத்துக்கு நல்லவை. காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. முள்ளோடு உண்ணும் நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்கள் புரதமும் கால்சியமும் ஒருசேரத் தருபவை. ஆடி மாதத்தில் நம் பகுதி அம்மன் கோயில்களில் ஊற்றும் கேழ்வரகுக் கூழ் இக்குழந்தைகளுக்கு ஏற்ற உணவு. அதை ஆண்டு முழுவதும் வீட்டில் காய்ச்சலாம்.

ஒரு எச்சரிக்கை. குடல் பாதிப்பு புதிதாகக் கண்டறியப்பட்ட குழந்தைகள் சிலருக்குச் சில காலம் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. பால் குடித்து வயிறு உப்பினால், மருத்துவரிடம் கேட்டுத் தயிருக்கு மாறலாம். ஓட்ஸையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். கோதுமையுடன் கலந்து வரும் வாய்ப்பு அதிகம்.

மறைந்திருக்கும் கோதுமை

ரவை, மைதா, சேமியா, சம்பா ரவை எல்லாம் கோதுமையே என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பல மாணவர்களுக்குத் தெரியாது. "கோதுமை இல்ல மிஸ், ரவைதான்" என்பார்கள். அதனால் பெயர் பெயராகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பரோட்டா, பூரி, சமோசா, பப்ஸ், பன், பொறை, கேக், கேசரி, ரவா தோசை, கோதுமை அல்வா ஆகிய எல்லாம் விலக்க வேண்டியவை. கடற்கரை ரயில் நிலையம் பக்கமும் வடசென்னைத் தெருக்களிலும் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும் பர்மிய அத்தோவின் நூடுல்ஸும் கோதுமை மாவில் செய்வதுதான்.

கண்ணுக்குத் தெரியாதவை இன்னும் சிக்கலானவை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் என எல்லாவற்றிலும் அது புகுந்துவிடும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது; பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்து வாங்க வேண்டும். மால்ட் சேர்த்த சத்துப்பானப் பொடிகளில் பார்லியும் பலவற்றில் கோதுமையும் உண்டு. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. அங்கன்வாடியில் வழங்கும் சத்துமாவிலும் கோதுமை மாவு சேர்கிறது. வீட்டில் தம்பி தங்கைக்கு வந்த பொட்டலத்தை இவர்களும் பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம் என்பதால் இதைச் சொல்ல வேண்டும். தேவாலயத்தில் தரும் நற்கருணை அப்பமும் கோதுமையால் ஆனது. பெற்றோர் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசலாம்.

கலப்பு இன்னொரு வழி. தெருமுனை மாவு மில்லில் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் கேழ்வரகை அரைத்தால், மாவில் கோதுமை கலந்துவிடும். தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைப்பது பாதுகாப்பு. சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை, பூரி பொரித்த எண்ணெயில் வடை, உப்புமா கரண்டியால் பொங்கல் ஆகியவையும் இதே வகை. கொஞ்சம்தானே என்று நினைக்கத் தோன்றும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே சிலருக்குக் குடல் பாதிக்கப்படுகிறது. ஒரே ஒரு ரொட்டித் துண்டில் சுமார் 2,000 மில்லிகிராம் இருக்கும். உணவுப் பொருளில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

பள்ளிக் குழந்தைக்கு உணவிடுவதில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1950-களில் காமராசர் ஆட்சியில் அது மாநிலம் முழுவதும் விரிந்தது. 1982-இல் சத்துணவுத் திட்டமானது. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. எந்தக் குழந்தையும் பசியோடு இருக்கக் கூடாது என்பதே இவற்றின் நோக்கம். அந்தக் 'குழந்தை'களில் கோதுமை ஒவ்வாத குழந்தையும் அடக்கம்.

காலை உணவைப் பார்ப்போம். திட்டம் தொடங்கியபோது வெளியான பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவையில் செய்யும் உப்புமாவும் கிச்சடியும் உண்டு. கூடவே அரிசி உப்புமா, வெண்பொங்கல், சோளக் காய்கறிக் கிச்சடி ஆகியவையும் உண்டு. ஒரு வேளைக்கு 50 கிராம் தானியம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. காய்கறி, எண்ணெயோடு சேர்த்து ஏறத்தாழ 250 முதல் 300 கலோரி கிடைக்கும். வாரத்தில் நான்கு நாள் கோதுமை உணவு வந்தால், இக்குழந்தை ஆயிரம் கலோரிக்கு மேல் இழக்கிறது. தலைமையாசிரியர் வழியாகச் சமையல் மையத்திடம் வாரப் பட்டியலை முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். பட்டியலுக்குள்ளேயே அரிசி, சிறுதானிய வகைகளை எந்தெந்த நாள் செய்ய இயலும் என்று கலந்து பேசலாம். மற்ற நாட்களில் வீட்டிலிருந்து உணவு கொண்டுவர அனுமதித்து, எல்லோரோடும் சேர்ந்தே உண்ணச் செய்யலாம்.

மதிய உணவு இவர்களுக்குப் பெரிய துணை. கலவைச் சாதங்கள் எல்லாம் அரிசியே, முட்டையும் உண்டு. தேசிய விதிமுறைப்படி தொடக்க வகுப்புகளுக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், உயர் தொடக்க வகுப்புகளுக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் தர வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது பெருங்காயம் மட்டுமே. எங்கள் சத்துணவு அமைப்பாளரிடம் பேசியபோது, "பெருங்காயம் இல்லாமலே தாளிச்சிடறேன் டீச்சர், சீரகமும் பூண்டும் கொஞ்சம் தூக்கலாப் போட்டுக்கலாம்" என்றார். மற்ற குழந்தைகள் வித்தியாசத்தைக் கவனிக்கவே இல்லை.

வகுப்பறையிலும் சில உண்டு. அட்டை ஒட்ட நாம் காய்ச்சும் பசை மைதாவால் ஆனது. விளையாட்டுக் களிமண் சிலவற்றிலும் கோதுமை மாவு இருக்கும். தோலில் பட்டால் தீங்கில்லை. விரல் வாய்க்குப் போகும் என்பதால் கை கழுவச் செய்ய வேண்டும். பிறந்தநாளுக்குக் கேக்குக்குப் பதில் கடலைமிட்டாய் கொண்டுவரச் சொன்னால், யாரும் விடுபட மாட்டார்கள். சுற்றுலா நாளில் இவர்களுக்கான உணவை முன்பே உறுதி செய்ய வேண்டும். கழிவறைக்குப் போகக் கேட்டால் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும். இத்தாலியில் பள்ளி உள்ளிட்ட பொது உணவகங்களில் கேட்போருக்குக் குளூட்டன் இல்லாத உணவு தர வேண்டும் என்று 2005-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் பள்ளியில் சமையலரும் ஆசிரியரும் பெற்றோரும் பத்து நிமிடம் சேர்ந்து பேசினாலே பெரும்பகுதி முடிந்துவிடும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

ஆறாம் வகுப்பு அறிவியலில் 'உடல்நலமும் சுகாதாரமும்' பாடத்தை நடத்தும்போது இவற்றைச் சேர்க்கலாம். தொடக்க வகுப்புகளுக்கு எளிமையாக்கிக்கொள்ளலாம்.

செயல்பாடு 1: இரண்டு கைப்பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிடவும். பாத்திரத்து நீரில் அமுக்கி அமுக்கிக் கழுவவும். நீர் பால் போல வெளுக்கும். கையில் ரப்பர் போல இழுபடும் பொருள் மிஞ்சும். அதுதான் குளூட்டன். கழுவிய நீரில் அயோடின் கரைசலை விட்டால் கருநீலம் தோன்றும், அது ஸ்டார்ச். அதே போல அரிசி மாவு உருண்டையைக் கழுவினால் கையில் எதுவும் மிஞ்சாது. ஏன் என்று மாணவர்களையே கேளுங்கள். கோதுமை ஒவ்வாத மாணவர் வகுப்பில் இருந்தால் மாவைத் தொடாமல், தூசு படாத தூரத்திலிருந்து பார்த்துக் குறிப்பெழுதட்டும். கோதுமை ஒவ்வாமையால் மூச்சுத்திணறும் மாணவர் இருந்தால் இச்செயல்பாட்டைத் தவிர்க்கவும்.

செயல்பாடு 2: வீட்டிலிருந்து காலிப் பொட்டலங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சேர்க்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் கோதுமை, மைதா, ரவை, பார்லி, மால்ட் ஆகிய சொற்களைக் குழுவாகத் தேடட்டும். பெருங்காயப் பொட்டலம் கட்டாயம் இருக்கட்டும்.

செயல்பாடு 3: மேலே உள்ள 1,060 கலோரி நாளைக் கரும்பலகையில் எழுதி, 30 ரூபாய்க்குள் வாங்கக்கூடிய உணவுகளால் 1,700-ஐ எட்டச் சொல்லுங்கள். கூட்டல், எடை, விலை மூன்றும் ஒரே கணக்கில் வரும். எந்த மாணவரையும் பெயர் சொல்லிச் சுட்ட வேண்டாம்.

நாம் செய்யக் கூடாதவை

நோயை நாம் முடிவு செய்யக் கூடாது. ஐயம் இருந்தால் பெற்றோரிடம் தனியே சொல்லி, பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமோ, அரசு ஸ்டான்லி மருத்துவமனை, எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடங்களுக்கோ அனுப்பிவைப்பதே நம் வேலை. பரிசோதனைக்கு முன்பாகவே 'கோதுமையை நிறுத்திப் பாருங்கள்' என்று சொல்லிவிடக் கூடாது. கோதுமையை நிறுத்திய பின் இரத்தப் பரிசோதனை செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். கோதுமை கெடுதல் என்று வகுப்பில் பொதுவாகச் சொல்வதும் தவறு. ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு அது நல்ல உணவே.

அந்த மாணவி மார்ச் மாதம் எடை பார்க்கும்போது 22.4 கிலோ இருந்தாள். அம்மா கேழ்வரகு அடை சுடக் கற்றுக்கொண்டிருந்தார். சப்பாத்தியைப் போலவே மெல்லியதாகத் தட்டிப் பருப்போடு கொடுக்கிறார். ஆண்டு இறுதியில் மதிப்பெண் பதிவேட்டை அடுத்த வகுப்பாசிரியரிடம் ஒப்படைத்தபோது, கூடவே ஒரு தாளையும் கொடுத்தேன். ஒரு பக்கம் விலக்க வேண்டியவை. மறுபக்கம் கொடுக்க வேண்டியவை, அளவுகளோடு. இரண்டாவது பக்கத்தை முதலில் படிக்கச் சொன்னேன்.